கிழமையில் ஒரு மாலை மண்டபத்தைத் திறந்து தாருங்கள்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பிரதேச கலாசாரப் பேரவைகளுக்கும் சனசமூக நிலையங்களின் நிர்வாகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே, செயலாளர்களே, கலாசார உத்தியோகத்தர்களே,

இம்மடலின் வேண்டுகோள் சிறியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் ஊர்களில் கட்டப்பட்டுள்ள பொதுநோக்கு மண்டபங்களில், கிழமைக்கு ஒரு மாலை, இரண்டு மணி நேரம், வயதும் குரல்வளமும் பாராமல் விரும்பிய எவரும் வந்து சேர்ந்து பாடுவதற்கு இடமளியுங்கள். இதற்கு மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், பிரதம விருந்தினரும் வேண்டாம். மண்டபம் கிடைக்காமையால் ஒரு வீட்டின் விறாந்தையில் கூடிப் பாடிவரும் சேர்ந்திசைக் குழுவொன்றின் சார்பில் இதை எழுதுகிறேன். எழுதுபவர் இசை கற்றவர் அல்லர். பின்வரிசையில் நின்று பாடும் ஒருவர்.

நம்மிடையே சேர்ந்து பாடுதல் என்றதும் பலருக்கு நினைவில் வருவது வரவேற்புப் பாடல்தான். ஒரே நிறச் சேலையில் பிள்ளைகளை நிறுத்தி, வரவேண்டியவர் வரும்வரை வெயிலில் காக்கவைத்து, அவர் வந்து அமர்ந்ததும் மூன்று நிமிடங்களில் பாடி முடிக்கச் செய்து, அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறோம். அதற்கு வெளியே இருப்பது போட்டி. பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளில் குழு இசை உண்டு. வலய மட்டம், மாகாண மட்டம் எனப் பிள்ளைகள் மிகுந்த ஈடுபாட்டோடு பயில்கிறார்கள். உயர்தரப் பரீட்சை முடிந்த மறுநாளே அந்தக் குரல்கள் எங்கே போகின்றன என்று எவரும் கேட்பதில்லை. வயலுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வெளிநாட்டுக்கும் போகின்ற அவர்கள், பாட்டைப் பாடசாலைச் சீருடையோடு கழற்றி வைத்துவிடுகிறார்கள். போட்டியை நான் குறை கூறவில்லை. ஆனால் போட்டி நல்ல குரலைத் தேடுகிறது. நாம் கேட்கும் மாலையோ, பாட விரும்பியும் தம் குரல் நல்ல குரலல்ல என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கானது.

சேர்ந்து பாடுதல் மேல்நாட்டு வழக்கம், நமக்கு அந்நியமானது என்று ஓர் உத்தியோகத்தர் எங்களிடம் சொன்னார். நான்கு பகுதிக் குரல்களாகப் பிரித்துப் பாடும் முறை அங்கிருந்து வந்தது என்பது சரி. ஆனால் கூட்டாகப் பாடுவதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கூத்துக் களரியில் அண்ணாவியார் எடுத்துக் கொடுக்கும் அடியைப் பிற்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடாவிட்டால் கூத்து நகராது. கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடித்தான் ஒரே கணத்தில் கயிற்றை இழுத்தார்கள். நெல் அறுக்கும் அருவிவெட்டிலும் கதிரடிக்கும் சூடு மிதிப்பிலும் பாட்டுகள் இருந்தன. மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமும் முன்னே செல்லத் திருவெம்பாவை பாடிச் சென்ற கூட்டத்தில் சுருதி சேராதவர்களும் நடந்தார்கள். அவர்களை எவரும் திருப்பி அனுப்பவில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் தபசு காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படிப்பவர்கள் இன்றும் உள்ளனர்.

இவற்றுள் தொழிலோடு பிறந்த பாட்டுகள் தொழில்முறை மாறியபோது போய்விட்டன. அறுவடை இயந்திரம் ஓடும் வயலில் அருவிவெட்டுப் பாட்டுக்கு வேலையில்லை. அந்த இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லுமளவுக்கு நானும் பழமைவாதி அல்லேன், முதுகு நோக அரிவாள் பிடித்தவர்களைக் கேட்டால் உண்மை தெரியும். வழிபாட்டோடு சேர்ந்த பாட்டு நிலைத்திருக்கிறது, நிலைத்திருக்கவும் வேண்டும். ஆயினும் கோயிலில் பாடுபவர் கோயிலிலும் தேவாலயத்தில் பாடுபவர் தேவாலயத்திலும் பாடுகின்றனர். இரு சாராரும் ஒரே இடத்தில் நின்று ஒரே பாட்டைப் பாடும் சந்தர்ப்பம் ஊரில் மிக அரிது.

வன்னியில் இது ஏன் முக்கியம் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்நிலத்தில் பரம்பரையாக வாழ்பவர்களோடு, குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், 1958, 1977 வன்செயல்களில் தெற்கிலும் மலையகத்திலும் இருப்பிடம் இழந்து வந்தவர்களும், 1990 இல் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். அதன்மேல் 2009 உம் முகாம்களும் மீள்குடியேற்றமும் வந்தன. பழைய அயலவர் பிரிந்து புதிய அயலவர் அமைந்தனர். கூட்டங்களில் இவர்கள் ஒன்றாக அமர்கிறார்கள் என்றாலும், கூட்டத்தில் பேசுபவர் ஓரிருவர், மற்றவர் கேட்பவர்.

எங்கள் விறாந்தையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து மூதாட்டி ஒருவர், வந்த புதிதில் சுவரோரக் கதிரையை விட்டு அசையாமல் வாய் மட்டும் அசைப்பவராக இருந்தார். ஒரு மாலை, இடைவேளையில் தேநீர் ஆறும் நேரத்தில், சின்ன வயதில் காமன் கூத்தில் கேட்ட மெட்டொன்றைத் தனக்குள் முணுமுணுத்தார். ஆர்மோனியம் வாசிப்பவர் அதைப் பிடித்துக்கொண்டார். எழுத்தறியாத அந்த அம்மா சொல்லச் சொல்ல நாங்கள் கொப்பியில் எழுதினோம். மெட்டின் வளைவு எங்களுக்குப் பிடிபடாதபோதெல்லாம் அவர் கையைத் தூக்கி நிறுத்தி, “அப்படியில்ல, கொஞ்சம் இழுங்க” என்று திருத்தினார். ஊர்ச் சங்கக் கூட்டம் எதிலும் அவர் எவரையும் திருத்தி நான் பார்த்ததில்லை.

2015 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பொருந்துகிறது. வயதுவந்தோருக்கான வகுப்புகளில் சேர்ந்து பாடக் கற்றவர்களை, கைப்பணியும் எழுத்தும் கற்றவர்களோடு ஏழு மாதங்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவில் எல்லா வகுப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவு நெருக்கம் கொண்டிருந்தனர். ஆனால் பாடியவர்கள் அந்த நெருக்கத்தைத் தொடக்கத்திலேயே, மற்றவர்களைவிட விரைவாக அடைந்துவிட்டனர். தையல் வகுப்பும் நல்லது, கணினி வகுப்பும் நல்லது என்பதை இந்த ஆய்வு மறுக்கவில்லை. ஒருவரையொருவர் அறியாதவர்கள் அயலவராகிய ஊர்களில் அந்த விரைவுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதே நான் சொல்ல விரும்புவது.

சேர்ந்து பாடும்போது உடலில் நடப்பது என்ன என்பதையும் கவனியுங்கள். தனியாகப் பாடுபவர் மூச்சு முடியும் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். குழுவில் அப்படியல்ல. நீண்ட அடி ஒன்றைப் பாடும்போது, பக்கத்தில் நிற்பவர் மூச்செடுக்கும் இடத்தில் நாம் எடுக்கக் கூடாது. அவர் குரல் விழும்போது நமது குரல் நிற்க வேண்டும், நமது குரல் விழும்போது அவருடையது நிற்க வேண்டும். இவ்வாறு மாறி மாறி மூச்செடுத்தால், எந்தத் தனிமனிதருக்கும் இயலாத நீளத்துக்கு அந்த அடி அறுபடாமல் போகும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து திருமணமாகி எங்கள் ஊருக்கு வந்த அம்மா ஒருவர் முதலில் அடி நடுவே மூச்சு முட்டி நின்றுவிடுவார், நின்றதற்காக வெட்கப்பட்டு அந்தப் பாட்டு முடியும்வரை வாய் திறக்க மாட்டார். அவர் நிற்பதால் பாட்டு நிற்பதில்லை, இரண்டு சொல் தள்ளி மீண்டும் ஏறிக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகுதான் அவருடைய உண்மையான குரலை நாங்கள் கேட்டோம். எங்கள் வரிசையில் அதைவிடத் திடமான குரல் இல்லை.

சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல், பதினெட்டு வயது இளையோர் சேர்ந்து பாடும்போது அவர்களது இதயத் துடிப்பை அளந்தார்கள். மெதுவான நீண்ட அடிகளைப் பாடுகையில் மூச்சு ஒழுங்குபட, அதைத் தொடர்ந்து துடிப்பின் ஏற்ற இறக்கமும் பாடுவோரிடையே ஒத்திசைந்தது. பாட்டின் அமைப்பே மூச்சை நடத்துகிறது, மூச்சு இதயத்தை நடத்துகிறது. பிராணாயாமம் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

பேச்சில் திக்குபவர்கள் பாட்டிலும், பலரோடு சேர்ந்து ஒன்றாகச் சொல்லும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை என்பது பேச்சுச் சிகிச்சையாளர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. நினைவு மங்கிய முதியவர்களிடம் பேரப்பிள்ளையின் பெயர் போன பின்னும் இளமையில் பாடிய பாட்டு எஞ்சியிருப்பதை வீடுகளில் நாமே கண்டிருக்கிறோம். கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3000 இற்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட அறிக்கையில் பாடுதலும் இடம்பெறுகிறது. பாடினால் நோய் தீரும் என்று நான் சொல்லவில்லை. மருந்து எடுப்பவர் மருந்தை எடுக்கட்டும், வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர் போகட்டும். முதியோர் சங்கங்களின் மாதாந்தக் கூட்டத்தில் குருதியமுக்கம் பார்ப்பதோடு இதையும் சேர்க்கலாம் என்பதே யோசனை.

அடுத்து வருவது, எழுதத் தயங்கினாலும் எழுதாமல் விட முடியாதது. போர் முடிந்த காலத்திலிருந்து எங்கள் மக்கள் எத்தனையோ படிவங்கள் நிரப்பினார்கள். வந்து போனவர்களிடமெல்லாம், யாரை இழந்தோம், எங்கே, எப்படி என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொன்னவற்றுள் பலவற்றுக்கு விடை வரவில்லை. உளவளத்துணை என்ற பெயர்ப்பலகை கண்டாலே விலகி நடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அது அத்துறையினரின் குற்றமன்று, சொல்லிக் களைத்துப்போனதன் விளைவு. பாடும் மாலையில் எவரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர் யார், ஏன் வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் ஒப்பாரிச் சாயலுள்ள அடியொன்று வரும்போது சிலர் பாடாமல் நிற்பார்கள், மற்றவர்கள் அவர்களுடைய பங்கையும் சேர்த்துப் பாடிக்கொண்டு போவார்கள். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இதற்குத் திட்டமொன்றின் பெயரைச் சூட்டி, பங்குபற்றியோர் விபரம் கேட்டு, முன்னும் பின்னும் வினாக்கொத்து நிரப்பச் செய்துவிடாதீர்கள்.

நடைமுறைச் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. முதற்சிக்கல் கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம். ஆண்களுக்கு ஒரு கட்டையும் பெண்களுக்கு ஐந்து கட்டையும் வசதி என்பதால், எந்தச் சுருதியில் பாடுவது என்ற வாக்குவாதம் எங்கள் குழுவில் இன்னும் ஓயவில்லை. ஆண்களின் பஞ்சமமே (ப) பெண்களின் ஆதார சட்சம் (ச) ஆவதால், அந்த வேறுபாட்டையே பயன்படுத்தி இரண்டு இழைகளாகப் பாடலாம் என்பதை இளம் இசையாசிரியர் ஒருவர் காட்டித் தந்தபின் வாக்குவாதம் பாதியாகக் குறைந்தது. தமிழில் பல இழைகளாகப் பாடுவது பொருந்தாது என்பவர்களுக்கு, இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் சென்னையில் உருவாக்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழு போதிய விடை. நமது மாவட்டங்களில் இசைப் பட்டதாரிகள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள், முதிய அண்ணாவிமார் அழைப்பாரற்று இருக்கிறார்கள். இருவரையும் ஒரே மண்டபத்துக்கு அழையுங்கள். ஆண்டு விழா மலர் அச்சிடும் செலவில் ஒரு பகுதி போதும், இருவருக்கும் போக்குவரத்துச் செலவும் சிறு கொடுப்பனவும் கொடுக்கலாம்.

இரண்டாவது சிக்கல் வரவுப் பதிவேடு. காலபோக விதைப்பிலும் தை, மாசி அறுவடையிலும் வருகை குறையும். கடற்கரை ஊர்களில் மீன்பாடு நல்ல நாளில் ஆண்கள் எவரும் வரமாட்டார்கள். வருகை குறைந்த மாதத்தைக் காட்டி, “மக்களுக்கு ஆர்வமில்லை” என்று எழுதி மண்டபத்தைத் திருமண வீட்டுக்கு வாடகைக்கு விட்டுவிடுவது எளிது. அவ்வாறு நடந்ததை அறிவோம். வயல் ஓய்ந்ததும் அவர்கள் திரும்பி வருவார்கள் என்பதையும் அறிவோம்.

எனவே மண்டபத் திறப்பை மாதர் சங்கத்தில் ஒருவரிடம் அந்த ஒரு மாலைக்கு ஒப்படையுங்கள். மின்விளக்கு எரியட்டும். கடைசிப் பேருந்துக்கு முன் முடியும்படி நேரத்தை வகுத்தால் பெண்கள் தயங்காமல் வருவார்கள். முதல் ஆறு மாதங்களுக்கு எந்த விழாவிலும் பாடும்படி குழுவைக் கேட்காதீர்கள். அதன்பின் அவர்களாகவே பாட விரும்பினால் வரவேற்புப் பாடல் அல்லாத ஒன்றைப் பாட விடுங்கள்.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதனையும் ஒரு விடயமாகச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முடிவு சாதகமாயின் ஐப்பசி மழைக்கு முன்னர் அறிவித்தால் நல்லது, எங்கள் விறாந்தையின் கூரை ஒரு பக்கம் ஒழுகுகிறது.

இங்ஙனம்,
கிளிநொச்சி மாவட்டத்துச் சேர்ந்திசைக் குழுவொன்றின் பின்வரிசைப் பாடகர்