பலகை போதாது, பேச ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

காணும் பொங்கலன்று உயிரியல் பூங்காக்களில் அலைமோதிய கூட்டம் பற்றித் தங்கள் இதழில் செய்தி படித்தேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று ஆண்டுதோறும் எண்ணுகிறோம். வந்தவர்கள் எதைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பினார்கள் என்று யாராவது கேட்கிறோமா?

ஒரு பூங்காவில் நான் பார்த்தது இது. கரையில் ஒரு முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. "பொம்மைப்பா அது" என்றார் ஒருவர். உடனே ஒரு பையன் காலி தண்ணீர் பாட்டிலை வீசினான். முதுகில் பட்டும் முதலை அசையவில்லை. அடுத்து கல் பறந்தது. பெற்றோர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். முதலை வெயிலில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும், சூடு மிஞ்சினால் வாயைத் திறந்துவைத்துத் தணித்துக்கொள்ளும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லத்தான் ஆள் இல்லை. பலகையில் பெயர், உணவு, ஆயுட்காலம் எல்லாம் இருக்கின்றன. இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக வருகிறவர்கள் நின்று படிப்பார்களா?

சிங்கத்திடமும் இதே கதைதான். நாளில் 20 மணி நேரம் வரை படுத்துக் கிடப்பது அதன் இயல்பு. "தூங்குறதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று விசில் அடிக்கிறார்கள். பூங்கா விலங்கைச் சீண்டுவதும், தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காவலர் அதட்டினால் அடங்குவார்கள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மறுபடி ஆரம்பம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. மண்பானையிலிருந்து பாம்பை எடுத்து, இது நாகம், இது கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று காட்டி, கண் முன்னால் விஷம் எடுக்கிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது, பாம்பைப் பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டவர், அடுத்த முறை பாம்பைக் கண்டதும் கம்பைத் தேட யோசிப்பார். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவித்தது இந்த அறிவுக்குக் கிடைத்த மரியாதை.

இப்படிப்பட்ட அறிவு எல்லாப் பூங்காக்களிலும் இருக்கிறது. விலங்குகளோடு நாள் முழுக்கப் பழகும் பராமரிப்பாளர்களுக்குத் தெரியாததா? தினம் இரண்டு வேளை, அறிவித்த நேரத்தில், அவர்களையே பார்வையாளர்களிடம் பேசச் சொல்லலாம். அதற்குத் தனிப்படி கொடுக்க வேண்டும்; இருக்கிற வேலையோடு இதையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. கூட்டம் மிகுந்த நாட்களில் விலங்கியல் படிக்கும் கல்லூரி மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிங்கவால் குரங்கிலிருந்தே தொடங்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் அது காட்டில் வாழவில்லை. வால்பாறைப் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் தின்பண்டம் போட்டுப் பழக்கியதால் சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபடுகிறது. ஏன் தீனி போடக்கூடாது என்று பூங்காவில் புரிந்துகொண்ட பிள்ளை, வால்பாறையில் அப்பா கையிலிருக்கும் சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கி வைக்கும்.

வரும் கோடை விடுமுறைக்குள் ஒரு பூங்காவிலாவது இதைத் தொடங்க வேண்டும். வனத்துறையின் பார்வைக்குப் போகும்படி இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகி,
தாம்பரம்