சரக்கு சுமந்த படைவீரர்கள்

ஐயா,

கொடி நாளையொட்டி (டிசம்பர் 7) வெளியான தலையங்கம் போர்முனை வீரர்களைப் போற்றியது, சரி. அவர்களுக்கு அரிசியும் வெடிமருந்தும் கொண்டுசேர்த்த ஓட்டுநர்களுக்கு ஒரு வரிகூட இல்லையே! 1971 போரில் ஜபல்பூர் தயாரிப்பான சக்திமான் லாரிகளை ஓட்டியவர்களும் படைவீரர்களே. எங்கள் தெருவில் அண்மையில் காலமான பெரியவர் அவர்களுள் ஒருவர். லடாக் பனிச்சாலையில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி ஓட்டியவர். ஓய்வுக்குப் பின் முதுமை வரை நாமக்கல் லாரிகளில் வடமாநிலங்களுக்குச் சரக்கு ஏற்றிச் சென்றவர். இரங்கல் சுவரொட்டியிலோ 'லாரி டிரைவர்' என்று மட்டுமே இருந்தது.

இத்தகையோரில் இன்று உள்ளவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள், லாரி உரிமையாளர் சங்கங்களின் துணையுடன் இவர்களைத் தேடி, அவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து மாவட்ட நூலகங்களில் வைக்கலாம்.

– ஒரு வாசகர், நாமக்கல்