வயர் ராப் டூல் கிடைத்துவிட்டது

பெரம்பூர்,
சென்னை - 11

அன்பு நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் பொங்கல் வாழ்த்துக்கு இதுவரை பதில் போடாததற்கு நீ என்னைத் திட்டியிருப்பாய். திட்டு, ஆனால் முதலில் செய்தியைக் கேள். சால்டரிங் இல்லாமல், கம்பியைக் காலில் சுற்றியே சர்க்யூட்டை இணைக்கும் அந்தக் கைக்கருவி, வயர் ராப் டூல் கிடைத்துவிட்டது.

ரிச்சி தெருவில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் சால்டரிங் அயர்னை எடுத்து நீட்டினார்கள். பிறகு அல்லிக்குளம் மூர் மார்க்கெட்டில், துருப்பிடித்த குறடுகளுக்கு நடுவே ஒன்று அகப்பட, பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் அது தடித்த கம்பிக்கானது. நம் மெல்லிய 30 கேஜ் கம்பி அதன் துளையில் தொளதொளவென்று ஆடியது. கடைசியில் கைகொடுத்தவர் நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அண்ணன்தான். கொருக்குப்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் காசு வாங்கவில்லை. பதிலுக்கு இரண்டு மணி நேரம் கிராஸ்பார் என்ற பழைய எக்ஸ்சேஞ்ச் இயந்திரங்களின் காலத்துக் கதைகளைக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் இன்னும் மாறவில்லை.

பேனா அளவுதான் இருக்கிறது. ஒரு முனையின் நடுத்துளையில் சிப்பைச் செருகும் சாக்கெட்டின் ஊசி போன்ற சதுரக் கால் நுழைகிறது; ஓரத்துச் சிறு துளையில் ஓர் அங்குலம் உரித்த கம்பியைச் செருகி, மிச்சத்தை விரலால் பிடித்துக்கொண்டு வலப்புறமாகத் திருகினால், உறையோடு ஒரு சுற்றும் வெறுங்கம்பியாக ஏழு சுற்றும் வரிசையாக ஏறிக்கொள்கின்றன. அழுத்தினால் சுற்றின் மேல் சுற்று ஏறுகிறது. தூக்கினால் இடைவெளி விழுகிறது. காலின் கூர்மையான விளிம்புகளில் கம்பி அழுந்திக் கடிப்பதால் காற்றுகூடப் புகாது என்பது உனக்கு நினைவிருக்கும். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் கணினியையே இப்படிச் சுற்றித்தான் இணைத்தார்கள் எனும்போது, காசிமேட்டு உப்புக்காற்று எம்மாத்திரம்?

முதல் நாளே பழைய தவற்றைச் செய்தேன். போர்டைக் கவிழ்த்ததும் இடம் வலமாக மாறுவதை மறந்து, சிப்பின் 14-ஆம் காலுக்குப் போக வேண்டிய ஐந்து வோல்ட்டை 1-ஆம் காலில் சுற்றிவிட்டேன். சிரிக்காதே, அன்று லேபில் புகை கிளப்பியது நீ. நான் மின்சாரம் கொடுக்கும் முன்பே கண்டுபிடித்து, டூலின் மறுமுனையால் அவிழ்த்துவிட்டேன்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று நீ கேட்பாய். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஓராண்டாக என் வலது கை நடுங்குகிறது. சால்டரிங் அயர்ன் பிடித்தால், ஒரு காலில் வைக்க வேண்டிய ஈயம் பக்கத்துக் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இனி இந்த வேலையே இல்லை என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். இந்த டூலோ, காலில் ஒருமுறை நுழைந்துவிட்டால் கை எப்படி நடுங்கினாலும் விலகுவதில்லை. நேற்றிரவு நாற்பத்திரண்டு இணைப்புகள் சுற்றினேன். மல்டிமீட்டரில் ஒன்றுகூடப் பிழை காட்டவில்லை. மருத்துவரிடம் எப்போது போவது என்று எழுதாதே. வரும் வாரம் போகிறேன்.

உன் பரணில் நீளக்கால் சாக்கெட்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தனவே, எலி தின்னாமல் இருந்தால் எனக்கு வேண்டும். கூரியரில் போட்டுவிடாதே, கால்கள் வளைந்துவிடும். நீயே எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பெரம்பூர் நண்பன்