விழுந்து கிடக்கும் கோயிலைத் தாண்டிப் போய்விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சிசிலித் தீவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். அக்ரிஜெந்தோவின் கோயில்களைக் கட்டுரையாளர் ரசித்து, மனசாரப் பாராட்டி எழுதியிருக்கிறார். ஆனால் அதே தீவில் உள்ள பழைய கிரேக்க நகரமான செலினுந்தேவுக்கு அவர் கொடுத்திருப்பது நாலு வரி. அங்கே மிஞ்சியிருப்பது கற்குவியல்தான், நேரம் குறைவாக இருப்பவர்கள் அதை விட்டுவிடலாம் என்கிறார். போரில் இடிக்கப்பட்ட இந்தக் கோயில்களை இத்தாலிக்காரர்கள் இத்தனை நாளில் தூக்கி நிறுத்தியிருக்கக் கூடாதா என்றும் கேட்கிறார். இந்த நாலு வரியையும் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் பாலம் கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். பணியில் இருந்த காலமெல்லாம் பாரம், தாங்குதிறன், சாரம், பளுதூக்கி என்றே போயிற்று. செலினுந்தேவுக்கு நானும் என் கணவரும் அக்ரிஜெந்தோவைப் பார்த்த கையோடு போனோம். அந்த மத்தியதரைக் கடற்கரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால், செலினுந்தேவில் விழுந்து கிடக்கும் கோயில்கள்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

முதலில் ஒரு திருத்தம். செலினுந்தே நகரம் போரில் அழிந்தது உண்மை. கி.மு. 409இல் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் படை ஒன்பது நாள் முற்றுகையிட்டு உள்ளே புகுந்தது. 16,000 பேர் கொல்லப்பட்டார்கள், 5,000 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள், 2,600 பேர் தப்பி அக்ரிஜெந்தோவுக்கு ஓடினார்கள் என்று பழங்கால வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதி வைத்திருக்கிறார். கோயில்களுக்குள் ஒளிந்துகொண்ட பெண்களையும் குழந்தைகளையும் படை கொல்லவில்லையாம். இரக்கம் காரணமில்லை, அவர்கள் உள்ளே தீ வைத்துக்கொண்டால் கோயில் பொக்கிஷமும் சேர்ந்து எரிந்துவிடுமே என்ற பயம். கோயில்களையாவது விட்டுவிடுங்கள் என்று தூது போனவர்களிடம் படைத்தலைவன் ஹன்னிபால், தெய்வங்கள் இந்த ஊர்க்காரர்கள் மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டன என்று பதில் சொன்னதாகவும் அவர் எழுதுகிறார். (ஆல்ப்ஸ் மலையைக் கடந்த ஹன்னிபால் வேறு, அவர் வந்தது பல தலைமுறைக்குப் பின்னால்.) ஆனால் இவ்வளவு பெரிய தூண்களை வரிசை வரிசையாகச் சாய்த்தது மனிதர்கள் இல்லை, பின்னால் வந்த நிலநடுக்கம் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. நேரில் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. கல்லுக்காக இடிப்பவர்கள் கல்லை எடுத்துப் போவார்கள். அக்ரிஜெந்தோவில் ஒலிம்பிய ஸீயஸ் கோயிலுக்கு அதுதான் நடந்தது. அதன் கற்கள் 18ஆம் நூற்றாண்டில் பக்கத்துத் துறைமுகத்துக்கு அலைதாங்கி கட்டப் போய்விட்டன. செலினுந்தேவிலோ கல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

இந்தக் கோயில்களில் பெரும்பாலானவை எந்தத் தெய்வத்துக்கு உரியவை என்று உறுதியாகத் தெரியாததால் ஏ, பி, சி என்று எழுத்தால் அழைக்கிறார்கள். கடலோர மேட்டில் சில, கிழக்குக் குன்றில் ஈ, எஃப், ஜி என்று மூன்று. கட்டுரையாளர் கற்குவியல் என்று தள்ளியது இந்த ஜி கோயிலைத்தான் இருக்க வேண்டும். கிரேக்கர்கள் கட்டத் தொடங்கிய மிகப் பெரிய கோயில்களில் இது ஒன்று. ஏறத்தாழ 110 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். சுற்றிலும் 46 தூண்கள். ஒவ்வொன்றும் 16 மீட்டருக்கு மேல் உயரம், அடியில் விட்டம் 3.41 மீட்டர். இப்போது நிமிர்ந்து நிற்பது 1832இல் தூக்கி நிறுத்திய ஒரே ஒரு தூண். கிழவியின் தக்ளி என்று உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் தரையில். அதனால்தான் கேட்கிறேன், இதை எப்படித் தாண்டிப் போக மனம் வரும்? நின்றுகொண்டிருக்கும் கோயிலில் தூணின் தலைப்பலகை அண்ணாந்து பார்த்தால் தெரிகிற ஒரு கோடு. இங்கே அதன் பக்கத்தில் போய் நின்றால் நம்மைவிடப் பெரிதாக இருக்கிறது. தூணின் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே மரமுளை வைத்த சதுரக் குழி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்தும் விளிம்பு கலையாமல் தெரிகிறது. அடுக்கின நிலையில் இருந்தால் யாரும் பார்க்கவே முடியாத இடம் அது. உளி எந்தப் பக்கமிருந்து விழுந்தது, எங்கே நடுவைக் குழித்து ஓரத்தை மட்டும் வழவழப்பாக்கியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் அங்கேயே நின்று படிக்கலாம். மேல்கல்லும் கீழ்க்கல்லும் முழுமையாகப் பொருந்தத் தேவையில்லை, விளிம்பு பொருந்தினால் இணைப்பு தெரியாது என்ற கணக்கு அது. நான் அங்கே முக்கால் பகல் நின்றேன். என் கணவர் நிழல் தேடிப் போய்விட்டார்.

ஜி கோயிலைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று இத்தாலியிலேயே பல காலமாகப் பேச்சு உண்டு. வேண்டாம் என்பதே என் எண்ணம். காரணம் மிக எளிது. அந்தக் கோயில் ஒருநாளும் முடிந்து நின்றதே இல்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொடங்கி, நகரம் விழுந்த நாள்வரை வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல். கிழக்கு முனைத் தூண்களின் தலைப்பகுதி பழைய பாணியில் பரந்து விரிகிறது. மேற்கே போகப் போகப் பாணி மாறி, வளைவு இறுகிவிடுகிறது. சில தூண்களில் நெடுவாக்கு வரிப்பள்ளம் செதுக்கியாயிற்று, சிலவற்றில் இன்னும் இல்லை. தாத்தா தொடங்கியதைப் பேரன் வேறு ரசனையோடு தொடர்ந்திருக்கிறான். இதில் எந்த நாளின் கோயிலை நாம் நிறுத்தப்போகிறோம்? நிறுத்துவதற்காகக் கல்லை ஒருமுறை நகர்த்திவிட்டால், எந்தத் துண்டு எதன் மேல் இருந்தது, எந்தப் பக்கம் சரிந்தது என்ற சாட்சியமும் அதோடு போயிற்று.

ஈ கோயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதை 1950களின் பிற்பாதியில் நிமிர்த்தினார்கள். படியேறி உள்ளே போகலாம். தூண்களுக்கு நடுவே நின்றால் உடம்புக்கே அந்த அளவு புரிகிறது. அதை எந்த வரைபடமும் தராது. எனக்கும் அங்கே சிலிர்த்தது உண்மை. ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் ஒட்டுப்போட்ட சிமென்ட் கண்ணில் படுகிறது, எது பழைய கல், எது புதிய பூச்சு என்று சில இடங்களில் எனக்கே குழப்பமாக இருந்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிப் பின்னால் 1964இல் வந்த வெனிஸ் சாசனத்தின் 15ஆம் பிரிவு இதற்கு ஒரு வரம்பு கட்டியது. இருக்கிற மூலத் துண்டுகளைச் சேர்த்து அடுக்கலாம், இல்லாததை ஊகித்துக் கட்டக் கூடாது, சேர்க்கும் புதுப்பொருள் பார்த்ததும் தெரிய வேண்டும். ஒரு குன்றில் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, பக்கத்திலேயே இரண்டு விழுந்து கிடக்கின்றன. பார்க்க வருபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு என்ன வேண்டும்? ஈ கோயிலில் அளவைத் தெரிந்துகொண்டு ஜி கோயிலுக்கு நடந்தால், கிடக்கும் கற்களை மனசு தானாகவே அடுக்கத் தொடங்கிவிடும்.

கட்டுரையில் குசா குவாரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். செலினுந்தேவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே, கம்போபெல்லோ தி மத்சாரா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோயில்களுக்குக் கல் எடுத்த இடம். ஒலிவ மரங்களுக்கு நடுவே நீண்டு போகும் கற்பாறை. அதில் உருளை உருளையாகத் தூண்துண்டுகள், பாதி வெட்டியபடி. சிலவற்றுக்கு மேலே வட்டம் மட்டும் கீறியிருக்கிறார்கள். சிலவற்றைச் சுற்றி, ஓர் ஆள் உள்ளே இறங்கி நின்று உளியடிக்கும் அளவுக்குப் பள்ளம் எடுத்தாயிற்று, அடி இன்னும் பாறையோடு ஒட்டியிருக்கிறது. வெட்டி எடுத்தவை சில கோயிலுக்குப் போகிற திசையில் கிடக்கின்றன. எதிரி வருகிறான் என்ற செய்தி வந்ததும் வேலை அப்படியே நின்றுபோனதாகச் சொல்கிறார்கள்.

மூன்று மீட்டர் விட்டமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். கன அளவு 14 கன மீட்டர் வரும். அந்த மென்மையான சுண்ணாம்புக் கல்லுக்குக் கன மீட்டருக்கு இரண்டு டன் என்று வைத்தாலே 28 டன். அதை மாடு பூட்டி, மனிதர்கள் தள்ளி, மேடு பள்ளத்தில் அத்தனை தூரம் இழுத்து வந்து, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினாறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். என் காலத்தில் 28 டன் தூக்க வேண்டுமென்றால் பளுதூக்கியின் கை நீளம், கோணம், தரையின் உறுதி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு கம்பியைக்கூட மாட்ட விடமாட்டோம். குசாவின் பள்ளங்களில் உளித்தழும்பைத் தொட்டுப் பார்த்தபோது, பேர் தெரியாத அந்தக் கல்லுடைப்பவர்கள் மேல் எனக்கு வந்த மரியாதை, நிற்கிற எந்தக் கோயிலைப் பார்த்தும் வரவில்லை.

இன்னொன்று. கோயில்களில் இருந்த சிற்பப் பலகைகள் பலெர்மோவின் சலினாஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோர்கன் என்ற அரக்கியின் தலையைக் கிரேக்கப் புராண வீரன் பெர்ஸியுஸ் வெட்டும் பலகை சி கோயிலுடையது. ஈ கோயிலின் பலகைகளில் உடம்பெல்லாம் உள்ளூர்க் கல், பெண்களின் முகமும் கையும் காலும் மட்டும் வெள்ளைப் பளிங்கில் செதுக்கிப் பொருத்தியவை. ஜி கோயிலில் கிடைத்த பெரிய கல்வெட்டும் அங்கேதான். எந்தெந்தத் தெய்வங்களின் துணையால் வென்றோம் என்று செலினுந்தேக்காரர்கள் ஸீயஸில் தொடங்கி வரிசையாகச் சொல்லி, அறுபது தாலந்து (பழைய கிரேக்க எடையளவு) பொன்னைப் பற்றியும் பேசுகிறார்கள். கட்டுரையாளர் பலெர்மோவை முதல் நாளில் வைத்திருக்கிறார். அதைக் கடைசிக்குத் தள்ளினால் நல்லது. வெற்றுத் தூண்களை முதலில் பார்த்தவருக்குத்தான் அந்தப் பலகைகள் எவ்வளவு உயரத்தில் இருந்தன என்று தெரியும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கிழக்குக் குன்றுக்கும் கடலோர மேட்டுக்கும் நடுவே நல்ல தூரம். உள்ளே மின்வண்டி ஓடுகிறது, முட்டிவலி உள்ளவர்கள் கூச்சப்படாமல் ஏறிக்கொள்ளுங்கள். நிழல் மிகக் குறைவு. கோடையில் போனால் காலையிலேயே போய்விடுங்கள். குசாவுக்குக் கார் இல்லாமல் போவது கஷ்டம். தயவுசெய்து படம் எடுப்பதற்காகத் தூண்துண்டுகள் மேல் ஏறாதீர்கள். அது மென்கல், செருப்பு பட்டால் தேயும். நான் சொன்ன உளித்தழும்புதான் முதலில் மறையும்.

அடுத்த முறை சிசிலியைப் பற்றி எழுதும்போது, செலினுந்தேவுக்கு ஒரு முழு நாளும் குசாவுக்கு அரை நாளும் ஒதுக்கச் சொல்லி எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்துக்குத் திட்டம் போடுகிற வாசகர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர்