பால்கனியில் செய், அடுப்படியில் வேண்டாம்

அன்புள்ள நித்யா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை.

கடையில் விற்கிற விலைக்கு சாஃப்ட் பிளாஸ்டிக் லூரை, அதுதான் மீன் பிடிக்கத் தூண்டிலில் மாட்டுகிற மெத்தென்ற பொய் இரையை, நானே ஊற்றிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால் தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில், அதுவும் அடுப்படியில் வேண்டாம். 1949இல் அமெரிக்காவில், ஏக்ரான் நகரத்து நிக் கிரீம் என்பவர் வீட்டில் வைத்துத்தான் முதல் பிளாஸ்டிக் புழுக்களைச் செய்தாராம். அந்தக் காலத்தில் புகையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்!

லூர் ஊற்றுகிற பிளாஸ்டிசால் என்பது பிவிசி தூளும் அதை இளக்கும் எண்ணெயும் கலந்த வெள்ளைத் திரவம். தூள் அடியில் தங்கிவிடும், அதனால் முதலில் பாட்டிலை நன்றாகக் குலுக்கு. கைப்பிடி வைத்த, சூடு தாங்கும் கண்ணாடிக் கோப்பையில் 60 மில்லி மட்டும் எடு. விரல் நீளத்தில் ஐந்தாறு லூர் வரும். கை பழகும்வரை அது போதும். மைக்ரோவேவில் கொஞ்ச நேரம் வை, எடுத்துக் கிளறு, மறுபடி வை. நடுவில் களி மாதிரி இறுகும். கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதே. 170, 180 டிகிரி செல்சியஸ் வரும்போது தானே இளகி, வெள்ளை போய்த் தெளிந்துவிடும். அப்போது அச்சில் ஊற்று. 200ஐத் தாண்டவிட்டால் மஞ்சளடித்துக் கருக ஆரம்பிக்கும், ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். மூக்கில் சுருக்கென்று ஏறுகிற அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் இதற்கு உதவாது. அமில வாயுவுக்கும் ரசாயன ஆவிக்கும் என்று ஃபில்டர் போட்ட மாஸ்க் வாங்கு. தள்ளி நின்று சூடு பார்க்கிற தெர்மாமீட்டரும் வாங்கிவிடு, கண் மதிப்பை நம்பாதே.

பழைய மைக்ரோவேவ் ஒன்றை இதற்கென்றே பால்கனியில் வைத்துக்கொள். அதில் அப்புறம் பிள்ளைக்குப் பால் சுட வைக்கக் கூடாது. மாப்பிள்ளை பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகிற நேரமாகப் பார்த்துச் செய்.

அச்சுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். பிடித்த லூர் ஒன்றைத் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி டப்பாவில் ஒட்டி, மேலே பிளாஸ்டரை ஊற்று. இறுகியதும் லூரை உருவிவிட்டுக் காய வை. இங்கே அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் போட்டால் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் ஈரம் போகாது. உங்கள் ஊர் மழையைச் சொல்லவே வேண்டாம். ஈரம் இருக்கிற அச்சில் சூடான பிளாஸ்டிக்கை ஊற்றினால் ஈரம் ஆவியாகிக் குமிழ் விடும், சில சமயம் முகத்தில் தெறிக்கும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி இல்லாமல் ஆரம்பிக்காதே. காய்ந்த அச்சுக்குத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு மூன்று பூச்சு பூசி, அதையும் நன்றாகக் காயவிட்டால் லூர் வழவழப்பாக வரும்.

நிறத்துக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதே. மினுமினுப்புத் தூள் மீனைவிட மனிதனைத்தான் அதிகம் பிடிக்கிறது என்பது என் கட்சி. முட்டுக்காட்டுப் பாலத்துத் தூண் ஓரத்தில் பதுங்கிக் கிடக்கிற கொடுவாவுக்கு வால் ஆட வேண்டும், அவ்வளவுதான். மெதுவாக இழுத்தாலும் ஆடவேண்டுமென்றால் மென்மையாக்கும் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டு. ரொம்பக் கூட்டினால் ஜிக் ஹெட்டில், அதாவது தலையில் குண்டு வைத்த தூண்டில் முள்ளில், நிற்காமல் நழுவும். பொடி உப்பு சேர்த்தால் சீக்கிரம் மூழ்கும், ஆனால் சீக்கிரம் கிழியும்.

நிறம் நிறமாகத் தனித்தனிக் கவரில் போட்டு வை. சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகக் கிடந்தால் சாயம் ஏறிவிடும். சில பிளாஸ்டிக் டப்பாக்களையே இந்த எண்ணெய் இளக்கிவிடும். கிழிந்த லூரைக் காயலில் வீசாதே, அது மக்காது. துடைத்துக் காயவைத்து மறுபடி உருக்கிக்கொள்ளலாம்.

என்னிடமிருக்கும் இறால் அச்சு ஒன்றைத் துணியில் சுற்றி இந்த வாரம் கூரியரில் போடுகிறேன். வால் பக்கம் கொஞ்சம் மூளி. மீன் கண்டுகொள்வதில்லை.

அன்புடன்,
அப்பா