டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள வசந்தா,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்குச் சேலத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேத்தி வந்ததிலிருந்து வீடு கலகலவென்று இருக்கிறது.

உன் தங்கை மகள், நோய் வராமல் மக்கள் நலமாக வாழ வழி செய்யும் நலவாழ்வு மேம்பாட்டுத் துறையில்தான் வேலை பார்ப்பேன் என்று நிற்கிறாளாமே! காந்திகிராமத்தில் சுகாதாரக் கல்வி டிப்ளமோவுக்கு நாம் கிளம்பியபோதும், "டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, அப்புறம் என்ன வேலை அது?" என்றுதானே வீட்டில் கேட்டார்கள். உன் தங்கையிடம் தைரியமாகச் சொல், இன்றைக்கு அதற்குப் பதில் இருக்கிறது.

1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டில்தான் இந்தத் துறைக்கு முதல் சாசனம் எழுதினார்கள். ஆளாளுக்குப் புத்தி சொன்னால் போதாது, அரசின் கொள்கை, வாழும் சூழல், ஊரின் கூட்டு முயற்சி, மருத்துவ சேவையின் போக்கு எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும் என்றது அது. அமெரிக்காவில் 1990-ல் சுகாதாரக் கல்வியாளர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தர ஆரம்பித்தார்கள். 2008-ல் அயர்லாந்தின் கால்வேயில் கூடி, இந்தத் தொழிலில் இருப்பவருக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று வரையறுத்தார்கள். திட்டமிடுவது, மதிப்பிடுவது எல்லாம் எதிர்பார்த்ததுதான். மக்களுக்காக வாதாடுவதையும், பல தரப்பினரை ஒன்று சேர்ப்பதையும் அதே வரிசையில் வைத்தார்கள் பார், அங்கேதான் என் மனது நிறைந்தது.

நம் ஓமலூர்ப் பக்கத்தை எடுத்துக்கொள். பாறைக்குள்ளிருந்து வரும் கிணற்று நீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரையே குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக்கறை படிகிறது, வருஷக்கணக்கில் போனால் எலும்பையும் பிடிக்கிறது. அந்தத் தாயிடம் போய் "நல்ல தண்ணீர் குடிக்கக் கொடு" என்றால் அவள் எங்கே போவாள்? எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று பரிசோதித்து, எழுதி, பஞ்சாயத்தையும் குடிநீர் வாரியத்தையும் உட்கார வைத்துக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்குப் பயிற்சி வேண்டும், பதவியும் வேண்டும். வெறும் நல்ல மனசு போதாது.

போன மாதம் ஏற்காடு மலையில் ஒரு காப்பி எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போயிருந்தேன். வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருக்கும் தன்னார்வலர் பெண் ஒருத்தி, அந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண், என்னைக் கூட்டிப்போனாள். ஒரு அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை அட்டை பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இந்தப் பெண் திட்டவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்து, "அக்கா, காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?" என்றாள். விடியும்போதே வெறும் வயிற்றில் காட்டுக்குப் போகிறாராம். சாப்பிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும் என்று நினைத்துப் போடாமலே விட்டிருக்கிறார். டாக்டரிடம் போனிலேயே கேட்டு, மதியக் கஞ்சியோடு போடலாம் என்று ஏற்பாடு செய்தாள். பிறகு மேஸ்திரியிடம் பேசி, மதிய இடைவேளையில் எல்லோருக்கும் அங்கேயே பிரஷர் பார்க்க இடம் வாங்கினாள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயைக் குறைக்கச் சொல்லவும் மறக்கவில்லை. கால்வேயில் எழுதிய திறமைகளில் பாதி அவள் கையில் இருந்தது வசந்தா!

ஆனால் அவளுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை. இதுதான் என் மனதை உறுத்துகிறது. 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்காகக் கொண்டுவந்த ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் சுகாதாரக் கல்வியாளரும் இருக்கிறார், சமுதாய நல மேம்பாட்டாளரும் இருக்கிறார். 1956-லேயே மத்திய சுகாதாரக் கல்விப் பணியகத்தைத் தொடங்கிய நாட்டில், சட்டத்தில் பெயர் ஏற இத்தனை காலம் ஆகியிருக்கிறது. சந்தோஷம்தான். அந்தச் சட்டம் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு கேட்கிறது. தரம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வீடு வீடாக ஏறி இறங்கிய அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து மேலே வர அவளுக்கு ஒரு வழி வைக்க வேண்டும். பட்டம் படித்தவர்கள் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், மலைக்கு யார் போவார்கள்? நம்மோடு படித்தவர்களிடம் கையெழுத்து வாங்கி இதைச் சுகாதாரத் துறைக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். உன் பங்குக்கு ஒரு பத்தி எழுதி அனுப்பு.

உன் தங்கை மகள் பொங்கலுக்குப் பிறகு இங்கே வந்து ஒரு வாரம் தங்கட்டும். அந்தத் தன்னார்வலர் பெண்ணிடம் பேசிவிட்டேன், கூடவே அழைத்துப்போகிறேன் என்கிறாள். மலையில் குளிர் இருக்கும், ஸ்வெட்டர் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
கமலா