ஆண்டறிக்கை: நைட் ரன், ப்ளோயர், அப்புறம் வராத சந்தா

எல்லாருக்கும் வணக்கமுங்க, செயலாளர் எழுதறேன். ஸ்கேட்போர்டுல நின்னு மலை ரோட்டுல இறங்கற நம்ம சங்கத்தோட அறிக்கை இது. போன வருசம் அறிக்கையை கூட்டத்துல வாசிக்க ஆரம்பிச்சதுமே பாதிப் பேரு டீக்கு எந்திரிச்சுப் போயிட்டீங்க, அதனால இந்த தடவை முன்னாடியே எழுதிக் குடுத்துடறேன், வீட்லயே பொறுமையா படிங்க.

ஜனவரி 26 கொடி ஏத்துனோம், வழக்கமான ஏழு பேரு வந்தோம். மே மாசம் ஏற்காடு கோடை விழா கூட்டம், மலையில ரன் வைக்கல. ஆயுத பூஜைக்கு போர்டுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சோம், உப்புத்தாள் மாதிரி இருக்கற க்ரிப் டேப்புல வச்ச குங்குமம் என் போர்டுல இன்னும் போகல. ஐப்பசி கார்த்திகை மழைக்கு லீவு.

இப்ப நைட் ரன் விசயத்துக்கு வர்றேன். சேலம் ஏற்காடு மெயின் ரோட்டுலயே வைக்கலாமேன்னு வருசம் பூரா கேட்டுட்டே இருந்தீங்க. 20 கொண்டை ஊசி வளைவு, எதுக்க பஸ்ஸு, பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல சத்தமே இல்லாம இறங்கற டூவீலருங்க, இதுக்கு நடுவுல காட்டுமாடு வேற, அதுல ராத்திரி போர்டுல நின்னுட்டு வர்றதுக்கு நான் செயலாளரா இருக்கற வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். அதனாலதான் நாயா பேயா அலைஞ்சு ஒரு காபி எஸ்டேட்ல பெர்மிசன் வாங்குனேன், ஆறு வளைவு, ரெண்டு பக்கமும் கேட்டை மூடிக்கலாம், வேற வண்டி வராது.

வண்டி வராதுன்னா ஆபத்தில்லன்னு அர்த்தமில்ல. பிப்ரவரில ட்ரையல் பாக்கறப்ப நடந்தது உங்கள்ல பல பேருக்குத் தெரியாது, ஏன்னா நீங்க வரல. நடுவுல ஒரு கேட்டுல குறுக்க சங்கிலி போட்டிருந்தாங்க, சாயங்காலம் நாங்க நடந்து பாத்தப்ப அது கீழ கிடந்துச்சு. நான் வர்றேன், சங்கிலி கண்ணுக்கே தெரியல, நடுவுல தொங்குன பூட்டு மட்டும் மினுக்குச்சு. போர்டை குறுக்க திருப்பி கையை ஊனி ஸ்லைடு போட்டதுல சங்கிலிக்கு ஒரு கையளவு முன்னாடி நின்னேன், இடது க்ளவுஸ்ல ரோட்டுல ஊனறதுக்காக ஒட்டியிருந்த வில்லை, அதான் பக், பிச்சுக்கிட்டு காபிச் செடிக்குள்ள எங்கயோ போயிடுச்சு, இன்னும் கிடைக்கல. அன்னைக்கு போட்ட ரூல்தான், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி ஒருத்தர் ஸ்கூட்டர்ல முழு ரோட்டையும் பாத்துட்டு வரணும், சங்கிலி எங்க இருந்தாலும் வெள்ளைத் துணி கட்டணும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 40 கிமீ வேகம்னா செகண்டுக்கு 11 மீட்டர். டார்ச் காட்டறது 25 மீட்டர்னா, கண்ணு பாத்து மூளைக்கு எட்டறதுக்குள்ளயே பாதி தூரம் போயிருச்சு. அதான் நைட்ல 30க்கு மேல வேணாம்னு சொன்னேன். ஒரு தம்பி 2017ல கனடாவுல க்யூபெக்ல பீட் கனாலி ஸ்கேட்போர்டுல நின்னுட்டே மணிக்கு 146 கிமீ போய் உலக சாதனை பண்ணதைக் காட்டி வாதம் பண்ணாரு. தம்பி, அது பட்டப்பகல், மூடுன ரோடு, அவரு பீட் கனாலி.

ஹெல்மெட் மேல டார்ச் மாட்டிட்டு வர்றதையும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. பனி இறங்குச்சுன்னா அந்த வெளிச்சம் திரும்பி மூஞ்சிலயே அடிக்கும், முன்னாடி வேட்டியைக் காயப் போட்ட மாதிரி இருக்கும். அதே லைட்டை இடுப்புல கட்டிப் பாருங்க, சுண்டைக்காய் சைஸ் கல்லுக்கும் முழ நீளத்துக்கு நிழல் விழும், கல்லு தெரியலன்னாலும் நிழல் தெரியும். அப்புறம் ஸ்டார்ட்டிங்ல நின்னு மொபைல் பாக்காதீங்க, கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிசத்துக்கு மேல ஆகும், ஒரே ஒரு ரீல்ஸ்ல அத்தனையும் போயிரும்.

க்ளவுஸ் ஸ்லைடை பகல்ல ரெண்டு பக்கமும் பத்து தடவை போட்டுக் காட்டுனாதான் ராத்திரி விடுவேன்னு சொன்னதுக்கு நாலு பேரு கோவிச்சுக்கிட்டாங்க. க்ளிஃப் கோல்மேன்னு ஒரு ஸ்கேட்போர்டு காரரு 1970கள்லயே அமெரிக்காவுல பெர்க்லி மேடுகள்ல பழகிப் பழகிக் கொண்டுவந்த வித்தை, ஷூவைத் தேச்சு நிறுத்திக்கலாம்னு நினைக்கறவங்க பகல் ரன்னோட நின்னுக்கலாம்.

அடுத்தது ப்ளோயர், ரோட்டுல கிடக்கற இலையை ஊதித் தள்ளற மெசின். ஆமா, சங்கக் காசுலதான் வாங்குனேன், ஆறாயிரத்துச் சொச்சம். தொடப்பம் அறுபது ரூபாதானேன்னு பொருளாளர் அண்ணன் கேட்டாரு, நியாயம்தான், ஆனா அந்த தொடப்பத்தைப் பிடிக்க கை வேணுமில்ல? சில்வர் ஓக் இலை பனியில நனைஞ்சு கிடந்தா வீல் சோப்பு மேல போற மாதிரி போகும். ரெண்டு தடவை நானும் வாட்ச்மேன் அய்யாவும்தான் குனிஞ்சு பெருக்குனோம்.

ஆறு வளைவுக்கு ஆறு பேரு வாக்கி டாக்கியோட நிக்கணும். சங்கத்துல 31 பேரு. வர்றேன்னு கட்டைவிரல் காட்டுனது 19, வந்தது ஒன்பது, ஒன்பது பேருக்கும் ஓட்டணும், ஒருத்தருக்கும் நிக்கணும்னு இல்ல. வருசத்துல நாலு நைட் ரன் நடந்துச்சு, நான் ஓட்டுனது ஒண்ணு. மத்த மூணுலயும் நாலாவது வளைவுல அட்டைக்கு ரத்தம் குடுத்துட்டு நின்னேன். ஃபோட்டோல நான் இல்லாததுக்கு காரணம் அதுதான்.

வரவு செலவு ஏறக்குறைய சரியா இருக்கு, கொஞ்சம் கையைக் கடிக்குது, விவரம் பொருளாளர்கிட்ட கேளுங்க. சந்தா வருசத்துக்கு 300 ரூபா, 14 பேரு பாக்கி. பேரு போடல. அதுல ஒருத்தர் போன மாசம்தான் வெளிநாட்டு வீல் செட் எறக்கினாரு, நல்ல வீலுங்க, நானே தொட்டுப் பாத்தேன்.

எஸ்டேட் காரங்களுக்கும், வாட்ச்மேன் அய்யாவுக்கும், ராத்திரி பத்து மணிக்கும் அடுப்பை அணைக்காம வச்ச டீக்கடை அக்காவுக்கும் நன்றி. தலைவருக்கும் நன்றி.

வர்ற வருசம் நான் இந்தப் பதவிக்கு நிக்கறதா இல்ல. வீட்லயும் சொல்லிட்டாங்க. வேற யாராச்சும் முன்வந்தா சாவியையும் ப்ளோயரையும் அன்னைக்கே குடுத்துடறேன். ஒருவேளை ஆறு பேரு வளைவுல நிக்கறேன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா யோசிக்கலாம், சும்மா சொல்றேன்.

இன்னொண்ணு, மூணாவது வளைவு வாக்கி டாக்கி டிசம்பர்ல இருந்து காணோம். வச்சிருக்கவங்க கொண்டுவந்து குடுத்துடுங்க, சார்ஜர் எங்கிட்டதான் இருக்கு.